குளிர் எங்கே போயிற்று?

மூன்றாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன் எழுதியது

முன்னுரை

கல்லூரி மலருக்கு இயற்பியல் துறை மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் விண்மீன்களைப் பற்றியோ அணுவைப் பற்றியோ அமைவது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு தொலைவில் உள்ளதன்று. சாலையில் ஓடும் காரின் குளிர்சாதனம் குளிர்ந்த காற்றைத் தர மறுத்தால், அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். “பட்டறை வேலையையெல்லாம் மலரில் எழுதலாமா?” என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். இரண்டாம் ஆண்டில் நாம் படித்த வெப்பவியல் பாடம் முழுவதும் அந்தச் சிறு குழாய்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை. அப்பாடத்தை நான் மறந்த ஒரு நாளில், உழைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு என்னால் நட்டம் நேர்ந்தது. அதனையும் ஒளிக்காமல் ஈண்டு எழுதுகிறேன்.

என் தாய்மாமா திருச்சியில் கார்க் குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். விடுமுறை நாட்களில் அங்கே சென்று கைவேலை செய்வேன். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு நடந்ததே நான் கூறப்போகும் நிகழ்ச்சி. அதற்கு முன், குளிர்சாதனம் வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

குளிர் உண்டாகும் விதம்

மண்பானைத் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதை நாம் யாவரும் அறிவோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும் இதனாலேயே. திரவம் ஆவியாகும்போது விழுங்கும் இந்த வெப்பத்திற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். காரின் குளிர்சாதனமும் ஒருவகை மண்பானையே. ஆனால் கசிந்த நீரை மண்பானை காற்றில் விட்டுவிடுகிறது. காரில் உள்ள திரவமோ, ஆவியான பின் மீண்டும் திரவமாக்கப்பட்டு, அதே வேலைக்கு அனுப்பப்படுகிறது.

இன்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள் உள்ளது. பட்டறையில் இதனைச் சுருக்கமாகக் ‘காஸ்’ என்பார்கள். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இதன் கொதிநிலை ஏறத்தாழ -26 டிகிரி செல்சியஸ். அழுத்தம் மிகுந்தால் கொதிநிலை உயரும் என்பது நாம் படித்த விதி. குக்கரில் பருப்பு விரைவில் வேவதும், உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாவதும் இவ்விதியின் இரு பக்கங்கள். ஆர்-134ஏ, அழுத்தமானி ஒரு சதுர அங்குலத்திற்கு 28 பவுண்டு காட்டும்போது 0 டிகிரியில் கொதிக்கும். 229 பவுண்டு காட்டும்போது கொதிநிலை 60 டிகிரியாகிவிடும். இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் குளிர்சாதனம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் காருக்குள்ளே கொதிக்கவிட்டால் அது நம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மிகுந்த அழுத்தத்தில் காருக்கு வெளியே கொண்டுபோனால், 40 டிகிரி வெயிற் காற்றுகூட அதைவிடக் குளிர்ந்ததாகிவிடுகிறது. ஆகவே அவ்வெப்பத்தை அக்காற்றில் இறக்கிவிட்டு அது திரவமாகிவிடும்.

உறுப்புகள் ஐந்து

இவ்வேலையைச் செய்யும் உறுப்புகள் முக்கியமாக ஐந்து. முதலாவது கம்ப்ரசர் என்னும் அமுக்கி. எஞ்சினிலிருந்து பெல்ட்டால் சுழற்றப்பட்டு, ஆவியை உறிஞ்சி அழுத்தி வெளியேற்றுவது இதன் வேலை. இரண்டாவது கண்டென்சர். காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இதில் ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. மூன்றாவது டிரையர். திரவத்தில் உள்ள ஈரத்தையும் தூசியையும் இது பிடித்துக்கொள்ளும். நான்காவது எக்ஸ்பான்ஷன் வால்வு. மிகச் சிறிய வாயில் வழியே திரவத்தைப் பீய்ச்சி, அதன் அழுத்தத்தைச் சட்டென்று குறைப்பது இது. ஐந்தாவது, டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் கூலிங் காயில். திரவம் இங்கேதான் கொதித்து ஆவியாகிறது. ஊதுவிசிறி அனுப்பும் காற்று இக்காயிலின் மேல் பட்டுக் குளிர்ந்து நம் முகத்திற்கு வருகிறது. காற்றிலுள்ள ஈரமும் அதன்மேல் நீராகப் படிந்து காரின் அடியில் சொட்டுகிறது. நல்ல நிலையிலுள்ள காரின் கீழே வெயிற்காலத்தில் காணும் ஈரம் இதுவே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வைந்தில் எது தவறினாலும் பயணிக்குத் தெரிவது ஒன்றுதான்: “ஏ.சி. குளிரவில்லை.” காய்ச்சல் என்று வருபவருக்கு மலேரியாவோ டைபாய்டோ வேறொன்றோ இருக்கலாம். அதுபோல இந்த ஒரே முறையீட்டுக்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் தெரிந்துகொண்ட பின்பே தீர்க்கும் வழிக்குப் போகுமாறு வள்ளுவர் மருத்துவனுக்குக் கூறியிருக்கிறார். அவ்வரிசை எந்திரத்துக்கும் பொருந்தும்.

முதற்படி: கேட்டலும் பார்த்தலும்

கருவியைத் தொடுமுன் காரை ஓட்டுபவரிடம் கேட்க வேண்டும். எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை என்னும் ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். நெடுஞ்சாலையில் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால், கண்டென்சருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள விசிறியின்மீது ஐயம் கொள்ளலாம். ஓடும்போது எதிர்க்காற்று செய்த வேலையை, நிற்கும்போது அந்த விசிறிதான் செய்ய வேண்டும். முதல் அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்துபோய், பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மீண்டும் சரியாகிறது என்றால், கூலிங் காயிலில் பனிக்கட்டி படிகிறது என்று கொள்ளலாம். வாரத்திற்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் குறைந்தது என்றால் கசிவை நினைக்க வேண்டும். திடீரென்று ஒரே நாளில் நின்றுபோனது என்றால் மின்சாரப் பழுதையோ பெருங்கசிவையோ நினைக்க வேண்டும்.

பின்னர் நடுவிலுள்ள காற்றுவாயில் ஒரு வெப்பமானியைச் செருகி, கதவுகளை மூடி, உள்காற்றே சுழலும்படி பொத்தானை வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் 5 முதல் 10 டிகிரி வரை காட்டும். மே மாத நண்பகலில் 12 டிகிரி காட்டினாலும் குறை சொல்வதற்கில்லை. “குளிரவே இல்லை” என்று வந்த கார்கள் சிலவற்றில் வெளிக்காற்றை இழுக்கும்படி பொத்தான் வைக்கப்பட்டிருந்ததைத் தவிர வேறு குறையில்லை என்பதை நானே கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: காற்று வருகிறதா?

குளிர் உண்டாகியும் அது நம்மிடம் வந்து சேராமல் போகலாம். உள்ளே உள்ள காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தால் காற்று குறையும். அதனைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குளிர்ந்த காற்றையும் ஹீட்டரின் வெந்த காற்றையும் கலக்கும் மடிப்புக் கதவு ஒன்று டாஷ்போர்டுக்குள் உண்டு. அது வெந்த பக்கம் சிக்கிக்கொண்டால், குளிர்சாதனம் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை. இதனை அறிய எளிய வழி: பானட்டைத் திறந்து, கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்கு வரும் பருத்த குழாயைத் தொட்டுப் பார்ப்பது. அது சில்லென்று வியர்த்திருந்து, உள்ளே வரும் காற்று மட்டும் சூடாக இருந்தால், பழுது காஸில் இல்லை, கதவில் இருக்கிறது.

மூன்றாம் படி: கம்ப்ரசர் சுழல்கிறதா?

பெல்ட் சுழன்றாலும் கம்ப்ரசர் சுழல்வதாகப் பொருளில்லை. முகப்பிலுள்ள காந்தக் கிளட்ச் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே உள்ள பிஸ்டன்கள் அசையும். ஒட்டவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, அழுத்தச் சுவிட்ச், கிளட்ச் சுருள் என்ற வரிசையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சுருளின் மின்தடை பொதுவாக 3 முதல் 4 ஓம் வரை இருக்கும். 12 வோல்ட்டை அதனால் வகுத்தால் 3 அல்லது 4 ஆம்பியர். ஓமின் விதிக்கு இதைவிட நேரான பயிற்சி வேறில்லை. மின்தடை எல்லையற்றதாகக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் இந்தக் கிளட்சே கிடையாது. அவற்றில் ‘டக்’ ஒலியை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காஸ் மிகவும் குறைந்துவிட்டால் அழுத்தச் சுவிட்ச் தானே கிளட்சைத் துண்டித்துவிடும். கம்ப்ரசரின் மசகெண்ணெய் காஸோடு கலந்தே சுற்றுகிறது. காஸ் இல்லையேல் எண்ணெயும் சென்று சேராது, கம்ப்ரசர் தேய்ந்து இறுகிப்போகும். அதைக் காக்கவே அந்தச் சுவிட்ச் வைக்கப்பட்டிருக்கிறது. கம்பித் துண்டு ஒன்றால் சுவிட்சைத் தாண்டி இணைத்துக் கம்ப்ரசரை ஓட்டிவிடுவது, காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

நான்காம் படி: அழுத்தமானி

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே இரட்டை அழுத்தமானியை எடுக்க வேண்டும். நீலக் குழாய் தாழ்அழுத்தப் பக்கத்துக்கும், சிவப்புக் குழாய் உயர்அழுத்தப் பக்கத்துக்கும் உரியவை. கண்ணாடியும் கையுறையும் இன்றி இதைத் தொடலாகாது. தெறிக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எஞ்சின் ஓடும்போது சிவப்புப் பக்கத்தைக் காஸ் டப்பாவுக்குத் திறந்துவிட்டால் டப்பா வெடித்துவிடக்கூடும்.

நம் ஊர் வெயிலில் ஓடும் காரில் தாழ்பக்கம் 30 முதல் 45 பவுண்டு வரையும், உயர்பக்கம் 200 முதல் 260 பவுண்டு வரையும் காட்டுவது பொதுவாக நல்ல அடையாளம். இரண்டு முட்களும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் காஸ் மிகுதி, அல்லது கண்டென்சரின் மேல் காற்றோட்டம் இல்லை, அல்லது குழாய்களுக்குள் வெறுங்காற்று புகுந்திருக்கிறது. தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரசர் அழுத்தும் வலிமையை இழந்துவிட்டது. தாழ்பக்கம் சுழியத்துக்கும் கீழே வெற்றிடத்தை நோக்கி இறங்கினால் வால்வோ டிரையரோ அடைபட்டிருக்கிறது. உள்ளே ஈரம் இருந்தால் வால்வின் சிறு வாயில் அது பனிக்கட்டியாக உறைந்து அடைப்பதும் உண்டு.

நான் செய்த பிழை

நிற்க. இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்த மே மாதத்தில் ஒரு வாடகைக் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓட்டுநர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். முசிறிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து முதியவர் ஒருவரை வாரத்திற்கு மூன்று நாள் திருச்சிக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துவந்து, மாலையில் கொண்டுபோய் விடுவது அவருடைய நிலையான சவாரி. சிகிச்சை முடிந்து களைத்துத் திரும்பும் அந்தப் பெரியவரால் வெக்கையைத் தாங்க முடிவதில்லை என்றும், வண்டி குளிரவில்லை என்றும் சொன்னார். மாமா வெளியே போயிருந்தார். நான் எதையும் கேட்கவில்லை, எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே அழுத்தமானியை மாட்டினேன். இரண்டு முட்களும் தாழ்ந்திருந்தன. முட்கள் ஏறும்வரை காஸ் விட்டேன். காற்றுவாயில் வெப்பமானி 9 டிகிரி காட்டியது. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, “சரியாப் போச்சுண்ணே” என்று சொல்லி அனுப்பினேன். மாமா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இருந்த காஸ் எங்கடா போச்சு?” எனக்கு விடை தெரியவில்லை.

எட்டாம் நாள் காலையில் அதே கார் வந்து நின்றது. “தம்பி, முந்தாநேத்துலேருந்து மறுபடியும் அனல்தான். பெரியவர் வழியிலேயே மயங்கிட்டார். தண்ணி தெளிச்சு, ஓரமா நிறுத்திக் கூட்டிப்போனோம். இன்னிக்கு அவங்க வேற வண்டி வெச்சுக்கிட்டாங்க” என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். “காசு கேக்க வரல தம்பி. ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

என் கலக்கத்தில் இரண்டாவது பிழைக்கும் தயாரானேன். எஞ்சினை ஓட்டாமலே அழுத்தமானியை மாட்டினேன். 104 பவுண்டு காட்டியது. “காஸ் நிறைய இருக்கு மாமா. கம்ப்ரசர்தான் போயிருக்கணும்” என்றேன். புதிய கம்ப்ரசர் என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. ஓட்டுநரின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மாமா சுவரில் தொங்கிய வெப்பமானியைக் காட்டினார். 32 டிகிரி. “இந்த 104 காஸோட கணக்கு இல்லடா, இந்த வெயிலோட கணக்கு. உங்க வீட்டு சிலிண்டர்ல அடுப்பு கடைசி நாள் வரைக்கும் ஒரே மாதிரிதானே எரியுது? தீரப் போறத உங்கம்மா எப்படிக் கண்டுபிடிக்கிறா?” என்றார்.

அம்மா உருளையைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார். அந்த நொடியில் நம் வகுப்பறைக் கரும்பலகை என் கண்முன் வந்து நின்றது. மூடிய கலத்தில் ஒரு துளி திரவம் எஞ்சியிருக்கும்வரை, அதன் மேலுள்ள தெவிட்டிய ஆவியின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. இதைத் தேர்வில் படத்துடன் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஓடாத காரின் அழுத்தமானி கால்பங்கு காஸுக்கும் முழுக் காஸுக்கும் ஒரே எண்ணைக் காட்டும் என்பது அதுவரை என் புத்தியில் ஏறவில்லை. ஆர்-134ஏ 32 டிகிரியில் காட்ட வேண்டிய அழுத்தமே அந்த 104 பவுண்டு.

உள்ளே இருந்த காஸை மீட்பு எந்திரத்தால் உருளையில் எடுத்து நிறுத்தோம். 190 கிராம் இருந்தது. அந்தக் காருக்கு வேண்டியது 500 கிராம். கம்ப்ரசரின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கசிவைத் தேடுதல்

“காஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோக?” என்பது மாமா அடிக்கடி சொல்லும் வார்த்தை. மூடிய சுற்றில் ஓடும் பொருள் செலவாவதில்லை. குறைந்திருந்தால் அது எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது. ரப்பர் குழாய்கள், இணைப்புகள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிது குறைவது இயல்பு. எட்டு நாளில் குறைவது நோய்.

கசிவுக்குச் சாட்சி எண்ணெய். காஸ் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனோடு வந்த எண்ணெய் அவ்விடத்திலேயே தங்கித் தூசியைப் பிடித்துக் கறுத்த பிசுக்காகும். இணைப்புகள், கம்ப்ரசரின் முன்சீல், கண்டென்சரின் கீழ்மூலைகள், காஸ் நிரப்பும் வாய்கள் ஆகியவற்றை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். கூலிங் காயில் டாஷ்போர்டுக்குள் இருப்பதால் நேரே பார்க்க முடியாது. நீர் வடியும் குழாயின் வாயில் கசிவறி கருவியை வைத்துப் பார்க்கலாம். அக்காரில் கண்டென்சரின் இடது கீழ்மூலையில் உள்ளங்கை அளவு பிசுக்கு இருந்தது. பின்பு ஈரமற்ற நைட்ரஜனை 150 பவுண்டு அழுத்தத்தில் செலுத்தி, சோப்பு நீரைத் தடவினோம். குழந்தைகள் ஊதும் குமிழிகள்போல நுரை பொங்கி வந்தது. சாலைக் கல் தெறித்து உண்டான மிகச் சிறு துளை. முதல் நாளே ஐந்து நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். இச்சோதனைக்கு ஆக்சிஜனையோ சாதாரணக் காற்றையோ ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-134ஏ-உம் அழுத்தத்தில் காற்றோடு மிகுதியாகக் கலந்தால் தீப்பற்றக்கூடிய நிலையை அடையும்.

கண்டென்சரையும் டிரையரையும் மாற்றிய பின், வெற்றிட எந்திரத்தை 45 நிமிடம் ஓடவிட்டோம். காற்றை நீக்குவதோடு ஈரத்தை நீக்குவதும் இதன் நோக்கம். பாதரச மட்டம் 32 மில்லிமீட்டராகக் குறையும்போது தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உதகமண்டலத்து அரிசிப் பானையை நினைவிற்கொள்க. பின்னர் வால்வை மூடி இருபது நிமிடம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. வெளியேறிய அளவுக்குப் புதிய எண்ணெயும், தராசில் நிறுத்து 500 கிராம் காஸும் செலுத்தினோம். வெப்பமானி 7 டிகிரி காட்டியது.

காற்றில் கலந்தது

அவ்வாறு வெளியேறிய காஸ் யாருக்கும் தீங்கின்றி மறைந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் குளிர்சாதனத்தை அறிமுகம் செய்த காலம் முதல், பல பத்தாண்டுகள் கார்களில் ஆர்-12 என்னும் குளிர்பொருளே ஆண்டது. இவ்வகைப் பொருட்களிலுள்ள குளோரின், வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் அறிவியலார் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. 1995இல் அவ்விருவருக்கும் குருட்சனுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்-12 விலகிய இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோகிராம், 1,430 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு நிகராகப் புவியை வெப்பமாக்கும் என்று மதிப்பிட்டனர். ஒரு காரின் அரை கிலோ காஸ் வீணானால் 715 கிலோவுக்கு ஒப்பாகும். இதனைக் குறைக்கவே 2016இல் கிகாலியில் உடன்படிக்கை திருத்தப்பட்டது. ஆகவே ஓட்டையை அடைக்காமல் மேலும் மேலும் காஸ் விடுவது, ஒருவரின் பணத்தை வானத்தில் விடுவதோடு, வானத்தையும் கெடுப்பதாகும்.

முடிவுரை

அந்த வேலைக்கு மாமா கூலி வாங்கவில்லை. பொருட்களின் விலையை மட்டும் வாங்கினார். முதல் நாள் நான் வாங்கிய 1,500 ரூபாயை என் விடுமுறைச் சம்பளத்திலிருந்து திருப்பிக் கொடுத்தேன். ஓட்டுநர் முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். எனினும் நான் திருப்பிக் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. முசிறிப் பக்கத்து அந்தச் சவாரி அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. மாதம் பன்னிரண்டு நாள் உறுதியாக வந்துகொண்டிருந்த வருமானம் அது. அன்று அந்த முதியவருக்கு மேலும் ஏதேனும் நேர்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணும்போது இப்போதும் உடல் நடுங்குகிறது. ஓட்டுநர் சென்ற ஆண்டும் சாதாரணச் சோதனைக்காக வண்டியைக் கொண்டுவந்தார். குளிர் குறையவில்லை. “என்ன தம்பி, முதல்ல கேள்வி கேக்கிறியா, இல்ல காஸ் விடுறியா?” என்று சிரித்தார். கேள்விதான் கேட்டேன்.

தேர்வில் எழுதிய விடை வேறு, தெரிந்துகொண்ட பொருள் வேறு என்பதை அந்த மே மாதம் எனக்குக் கற்பித்தது. தெவிட்டிய ஆவியழுத்தத்தைப் பற்றி நான் எழுதிய விடைத்தாளில் பிழை ஏதுமில்லை. பட்டறையில் நின்றபோது அது எனக்குக் கைகொடுக்கவில்லை, ஏனெனில் அதனைத் தாளுக்கு வெளியே நான் ஒருநாளும் தேடியதில்லை. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ காரின் குளிர்சாதனம் குளிரவில்லையெனில், “காஸ் போடணும்” என்று ஒருவர் சொன்னவுடனே பணத்தை எடுக்காதீர்கள். இருந்த காஸ் எங்கே போயிற்று என்று கேளுங்கள். விடை தெரிந்தவர் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். அவரிடம் வண்டியை நம்பி விடலாம்.